பிளேயருக்கு எழுதப் படிக்கத் தெரியாது

போன எபிசோடுல சப்டைட்டில் பத்திப் பேச ஆரம்பிச்சு, "ஹெக்ஸ் எண்ணையெல்லாம் வாயால சொன்னா யாருக்கும் புரியாது, நியூஸ்லெட்டர்ல எழுதுறேன்"னு சொல்லித் தப்பிச்சேன். அந்தக் கடன்தான் இது. கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். டிவிடியில் வரும் சப்டைட்டில் எழுத்து கிடையாது. "நீ எங்கே போகிறாய்?" என்று திரையின் கீழே வருகிறதே, அது யூனிகோடும் இல்லை, ஆஸ்கியும் இல்லை. அந்த வரியின் ஒரு சின்னப் படம். வீடியோவின் மேல் ஒட்டப்படும் ஸ்டிக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சினிமாவில் 1200 வசனம் இருந்தால் 1200 ஸ்டிக்கர். எப்போது ஒட்ட வேண்டும், எங்கே ஒட்ட வேண்டும், எப்போது கிழிக்க வேண்டும், இவ்வளவுதான் பிளேயருக்குத் தெரியும். ஸ்டிக்கரில் எழுதியிருப்பது ஜெர்மனா, தமிழா, கோலமா என்பது அதன் கவலையே இல்லை.

"ஏன் இப்படி? எழுத்தாகவே வைத்திருந்தால் இடமும் மிச்சம், தேடவும் முடியுமே?" என்று எந்த புரோகிராமரும் கேட்பார். எழுத்தாக அனுப்பும் முறை அதற்கு முன்பே இருந்தது. இங்கே ஜெர்மனியில் ஆர்டியும் இசட்டிஎஃபும் 1980 ஜூன் 1 அன்று டெலிடெக்ஸ்டை ஆரம்பித்தன. இன்றைக்கும் ரிமோட்டில் ஆர்டிக்கு 150, இசட்டிஎஃபுக்கு 777 பக்கத்தைத் தட்டினால் காது கேளாதவர்களுக்கான சப்டைட்டில் வரும். அது நிஜமான எழுத்து. ஒரு வரிக்கு 40 எழுத்து, அவ்வளவுதான். ஆனால் அந்த எழுத்துகளின் உருவம் டிவிக்குள் இருக்கும் சிப்பில் இருக்க வேண்டும். லத்தீன், கிரேக்கம், சிரிலிக், அரபு, ஹீப்ரு எல்லாம் டெலிடெக்ஸ்ட் தரத்தில் உண்டு. தமிழ் கிடையாது. இல்லாத எழுத்தைக் கேட்டால் டிவி என்ன செய்யும், கட்டம் போடும்.

டிவிடி பிளேயர் 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம் பிடித்துவிட்டது. ஆனால் விண்டோஸில் தமிழ் ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்ததே விண்டோஸ் 2000-ல்தான். 'கொ' என்று எழுத ஒற்றைக் கொம்பை முன்னால் தள்ளி, காலைப் பின்னால் போட வேண்டும் என்ற சமாச்சாரமெல்லாம் 1996-ன் பிளேயர் சிப்புக்கு யார் சொல்லிக் கொடுப்பது? படமாக வைத்ததால் அந்தப் பிரச்சினையே எழவில்லை. டிஸ்க் தயாரிப்பவரின் கம்ப்யூட்டரில் ஃபான்ட் இருந்தால் போதும். உலகத்தில் எந்த மூலையில் வாங்கிய பிளேயரும் அதைக் காட்டும். என்னைக் கேட்டால், தமிழையும் ஆங்கிலத்தையும் சமமாக நடத்திய முதல் வீட்டு உபயோகப் பொருள் டிவிடி பிளேயர்தான். ரெண்டுமே அதுக்குப் புரியாது!

விலை பிறகு தெரிந்தது. படமாகப் போட்டதை எழுத்தாகத் திரும்ப எடுப்பது ஒரு தனி வேலை.

பதினாலு டிஸ்க்

நான் இதில் இறங்கியதற்கு சினிமா காரணம் இல்லை. ரூர் பகுதியில் இருக்கும் ஒரு தோழி, யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். 2007 வாக்கில் அவருடைய மச்சான் ஒருவர், எண்பதுகளில் அகதிகளாக வந்த பெரியவர்களை உட்கார வைத்துப் பேட்டி எடுத்திருக்கிறார். எப்படி வந்தார்கள், முதல் குளிர்காலம், முகாம், முதல் வேலை எல்லாம். இளையவர்களுக்காகக் கீழே ஜெர்மன் சப்டைட்டில் போட்டு, வீட்டிலேயே டிவிடி எரித்து எல்லாக் குடும்பங்களுக்கும் கொடுத்தார். அந்தக் கம்ப்யூட்டர் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. ப்ராஜெக்ட் ஃபைல் இல்லை, மொழிபெயர்ப்பு எழுதிய தாள் இல்லை. மிஞ்சியது 14 டிஸ்க்.

"அம்மா கதைக்கிறது எனக்கு அரைவாசிதான் விளங்கும் அண்ணா. பிள்ளையளுக்கு அதுவும் இல்லை. கீழ ஓடுற ஜெர்மன்தான் எங்களுக்கு அம்மா கதைச்சது" என்றார். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

அவருக்கு வேண்டியது மூன்று. சப்டைட்டில் எழுத்தாக வேண்டும், அச்சடித்துப் படிக்க. அப்பாவுக்குக் கண் மங்கல், பெரிய எழுத்தில் வேண்டும். படமாக இருக்கும் சப்டைட்டிலைப் பெரிதாக்கினால் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். மூன்றாவது, சில இடங்களில் மொழிபெயர்ப்பு சரியில்லை என்று அவருக்குச் சந்தேகம், திருத்த வேண்டும். மூன்றுக்குமே முதலில் ஸ்டிக்கரைப் பிரித்தாக வேண்டும்.

டிவிடி-ஆர் டிஸ்க்கில் தகவல் ஒரு சாயப் படலத்தில் எரிக்கப்படுகிறது. கடையில் விற்கும் சினிமா டிஸ்க் அச்சில் அழுத்தப்பட்டது, அது வேறு. சாயம் வெயிலிலும் வருஷத்திலும் மங்கும். 2007-ல் எரித்த டிஸ்க் என்றால் இன்று செய்வதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளக்கூடாது.

ஐந்து பைட்டில் ஒரு வரி

டிவிடி ஸ்பெசிஃபிகேஷன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பொருளாக இருக்கவில்லை. 5000 டாலர் கட்டி, ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் புத்தகம் கையில் வரும். நாம் எல்லோரும் விஎல்சியில் படம் பார்ப்பது, பணம் கட்டாதவர்கள் பைட் பைட்டாக உட்கார்ந்து கண்டுபிடித்ததால்தான். விஎல்சி குழுவில் இருந்த சாம் ஹோசெவார் இந்த சப்டைட்டில் அமைப்பைப் பற்றி ஒரு விளக்கக் குறிப்பு எழுதி வைத்தார். சொந்தமாக டீகோடர் எழுதணும்னு ஆசைப்படுறவங்களுக்கு அது நல்ல ஆரம்பம்.

ஒரு ஸ்டிக்கருக்குப் பெயர் சப்பிக்சர் யூனிட். முதல் 2 பைட் மொத்த அளவு. அடுத்த 2 பைட், கட்டளைப் பகுதி எங்கே ஆரம்பிக்கிறது என்ற முகவரி. நடுவில் படம், கடைசியில் கட்டளைகள். கட்டளைகள் ரொம்பக் குறைவு: 00 என்றால் கட்டாயம் காட்டு, 01 காட்ட ஆரம்பி, 02 நிறுத்து, 03 நிறங்கள், 04 எவ்வளவு தெளிவு எவ்வளவு ஊடுருவல், 05 திரையில் எந்த இடம், 06 படத்தின் பிக்சல்கள் எங்கே தொடங்குகின்றன. நேரக் கணக்கு 90 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்தின் 1024 துடிப்புகளுக்கு ஒரு அலகு, அதாவது சுமார் 11.4 மில்லிசெகண்ட். நிறுத்து கட்டளைக்கு 256 அலகு தாமதம் என்று இருந்தால், வசனம் ஏறக்குறைய 2.9 வினாடி நிற்கும்.

நிறம் விஷயத்தில் மகா கஞ்சத்தனம். ஒரு ஸ்டிக்கரில் 4 நிறம்தான். பின்னணி, எழுத்து, விளிம்பு, இன்னொன்று. அந்த நாலும் 16 நிறம் கொண்ட ஒரு தட்டிலிருந்து எடுக்கப்படும். அந்தத் தட்டு சப்டைட்டிலோடு வராது; டிஸ்க்கில் ஐஎஃப்ஓ என்ற தனி ஃபைலில் இருக்கும். பெரிய வீடியோ ஃபைலை மட்டும் காப்பி செய்துவிட்டு "சின்ன ஃபைல்தானே" என்று ஐஎஃப்ஓவை விட்டால், எழுத்து எந்த நிறம், விளிம்பு எந்த நிறம் என்ற தகவல் போச்சு. உங்கள் வீட்டு டிஸ்க்கை எடுத்து வைக்கும்போது முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓ இமேஜாக எடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது முதல் காரணம்.

இப்போ சுவாரசியமான பகுதி. பிக்சல்களை ஒவ்வொன்றாக எழுதுவதில்லை. தறியில் உட்காருபவர் கரைக்கு இழை எண்ணுவது மாதிரி: அரக்கு ஒண்ணு, மஞ்சள் ஒம்பது, திரும்ப அரக்கு இருபத்தெட்டு, மீதி முழுக்க வெள்ளை. இதோ ஒரு வரி, ஹெக்ஸில்:

52 60 71 00 00

ஒவ்வொரு ஹெக்ஸ் இலக்கமாக, அதாவது அரை பைட்டாகப் படிக்க வேண்டும். முதல் இலக்கம் 5. அது 4-ஐ விடக் குறைவில்லை, அங்கேயே நிறுத்தலாம். 4-ஆல் வகுங்கள்: ஈவு 1, மீதி 1. ஈவுதான் எத்தனை பிக்சல், மீதிதான் எந்த நிறம். ஆக 1-ஆம் நிறத்தில் 1 பிக்சல்.

அடுத்தது 2. அது 4-க்குக் கீழே, போதாது, இன்னொரு இலக்கத்தைச் சேர். 26 ஆகிறது, ஹெக்ஸ் 26 என்பது நம் கணக்கில் 38. 16-க்குக் கீழே இல்லை, நிறுத்து. 38-ஐ 4-ஆல் வகுத்தால் ஈவு 9, மீதி 2. 2-ஆம் நிறத்தில் 9 பிக்சல். அடுத்து 0, பிறகு 07, அதுவும் 16-க்குக் கீழே, இன்னொன்று சேர்த்து 071. நம் கணக்கில் 113, இது 64-க்கு மேல். வகுத்தால் 28, மீதி 1. கடைசியில் 0, 00, 000, 0000. நான்கு இலக்கம் சேர்த்த பிறகும் ஈவு பூஜ்யம் என்றால் "வரி முடியும் வரை இதே நிறம்" என்று அர்த்தம். மீதியும் பூஜ்யம், எனவே பின்னணி.

அவ்ளோதான். 720 பிக்சல் அகலமுள்ள ஒரு வரி 5 பைட்டில் அடங்கிவிட்டது. அப்படியே பச்சையாக எழுதியிருந்தால், பிக்சலுக்கு 2 பிட் வீதம் 180 பைட். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே பேனாவும் பேப்பரும் வைத்து டீகோட் செய்துவிடலாம். எஃப்எஃப்எம்பெக்கில் இதைச் செய்யும் லூப் ஒரு சில வரிதான்.

இன்னொரு விசேஷம் உண்டு, பின்னால் இது நமக்குக் கை கொடுக்கப் போகிறது. அந்தக் காலத்து டிவி ஒரு ஃப்ரேமை இரண்டாகப் பிரித்து, ஒற்றைப்படை வரிகளை ஒரு தடவையும் இரட்டைப்படை வரிகளை இன்னொரு தடவையும் வரையும். சப்டைட்டில் படமும் அதே மாதிரி இரண்டு பாதியாகத்தான் இருக்கும். முதலில் ஒரு பாதி வரிகள் மொத்தமும், அப்புறம் மறு பாதி மொத்தமும். கட்டளை 06-ல் இரண்டு முகவரிகள் இருப்பது இதற்காகத்தான்.

ஸீரோ போட்டு நிரப்பினால்

14 டிஸ்க்கில் 9 சுலபமாக வந்தன. மீதி 5-ல் வாசிக்க முடியாத செக்டர்கள். இதற்கு க்னூ டிடிரெஸ்க்யூ என்ற கருவி. முதலில் வருவதையெல்லாம் எடுத்துக்கொண்டு, வராத இடங்களைக் குறித்து வைத்து, பிறகு அந்த இடங்களை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். டிரைவை மாற்றி அதே குறிப்போடு தொடரலாம். இங்கே ஃப்ளோமார்க்ட் எனப்படும் ஞாயிற்றுக்கிழமைப் பழைய பொருள் சந்தையில் டிவிடி டிரைவ் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நான் மூன்று வாங்கினேன். ஒன்று வாசிக்க மறுத்ததை மற்றொன்று வாசிக்கும். ஏன் என்று கேட்காதீர்கள், வாசித்தால் சரி.

எல்லாம் செய்தும் சில செக்டர்கள் வரவே இல்லை. வீடியோவில் ஒரு செக்டர் போனால் அரை நொடி கட்டம் கட்டமாகத் தெரியும், பரவாயில்லை. சப்டைட்டிலில் அப்படி இல்லை. டிவிடியின் ஒரு செக்டர் 2048 பைட். இரண்டு வரி ஜெர்மன் வசனத்தின் படம் இரண்டு மூன்று செக்டரில் உட்கார்ந்திருக்கும். அதில் ஒன்று போனால் சாதாரண பிளேயர் முழு வசனத்தையும் விட்டுவிடும். திரையில் ஒரு பாட்டி பேசிக்கொண்டே இருக்கிறார், கீழே ஒன்றும் இல்லை.

இங்கேதான் ஃபார்மட்டைப் படித்தது பிரயோஜனப்பட்டது. நடு செக்டர் மட்டும் போயிருந்தால், தலைப்பில் மொத்த அளவு இருக்கிறது, கடைசி செக்டரில் கட்டளைகள் இருக்கின்றன, எத்தனை பைட் குறைகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்த இடத்தை ஸீரோவால் நிரப்பினேன். ஸீரோ என்றால் என்ன? மேலே பார்த்தோமே, நான்கு பூஜ்யம் என்றால் வரி முடியும் வரை பின்னணி. அதனால் காணாமல் போன பகுதி குப்பையாக வராமல் அமைதியாக வெற்று வரிகளாக வருகிறது. மறு பாதிப் படத்துக்கு 06 கட்டளையில் தனி முகவரி இருப்பதால், முதல் பாதியில் எவ்வளவு சேதம் இருந்தாலும் அது தன்னுடைய இடத்திலிருந்து தானாக ஆரம்பிக்கும். ஒரு பாதி கிடைத்தால்கூட ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை போட்டு முழு உயரத்துக்குக் கொண்டுவரலாம். எழுத்து கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், படிக்க முடியும்.

டிவி ஃப்ளிக்கருக்காகச் செய்த ஏற்பாடு, இத்தனை வருஷம் கழித்து பேக்கப் மாதிரி வேலை செய்கிறது. வடிவமைத்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

கடைசி செக்டர் போனால் கதை வேறு. கட்டளைப் பகுதி அங்கேதான் இருக்கிறது. படம் இருக்கும், அகலம் தெரியாது, முகவரி தெரியாது. அகலம் பெரும்பாலும் அதே டிஸ்க்கின் மற்ற ஸ்டிக்கர்களைப் போலத்தான் இருக்கும் என்று வைத்து முயன்றதில் சில கிடைத்தன. முதல் செக்டர் போனதுகளில் நேர முத்திரையே போய்விடும், அதனால் ஆடியோவைக் கேட்டு நேரத்தைக் கையால் போட்டோம். 5 டிஸ்க்கிலும் சேர்த்து சேதமான வசனங்கள் 63. அவற்றில் 41 படிக்கக் கிடைத்தன.

ப்ளூ-ரே வைத்திருப்பவர்களுக்கு

எழுதிக் கேட்டவர்கள் சிலர் ப்ளூ-ரே பற்றியும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாக. அங்கேயும் படம்தான், பெயர் பிஜிஎஸ். 4 நிறம் போய் 256 நிறம் வந்துவிட்டது, எழுத்தின் ஓரம் வழவழவென்று இருக்கும். இதன் அமைப்பு மட்சுஷிட்டா நிறுவனத்தின் காப்புரிமை ஆவணங்களில் விவரமாகவே இருக்கிறது. ஒளித்து வைத்ததை வேறு ஒரு கவுன்டரில் அவர்களே கொடுத்தது மாதிரி.

எல்லாமே துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டின் வகை ஒரு பைட்டில்: 14 நிறத்தட்டு, 15 படம், 16 எதை எங்கே காட்டுவது, 17 திரையில் எந்தச் சதுரம், 80 முடிந்தது. படத்துக்குள் பூஜ்யம் அல்லாத பைட் வந்தால் அந்த நிறத்தில் ஒரே ஒரு பிக்சல். பூஜ்யம் வந்தால் தொடர் வரிசை: 00 14 என்றால் பின்னணியில் 20 பிக்சல், 00 84 03 என்றால் 3-ஆம் நிறத்தில் 4 பிக்சல், 00 00 என்றால் வரி முடிந்தது.

டீகோடர் எழுதுபவர்கள் மாட்டுகிற இடங்கள் மூன்று. படத்தின் நீளம் என்று கொடுத்திருக்கும் எண்ணில் அகலம் உயரத்துக்கான 4 பைட்டும் சேர்ந்தே இருக்கும், கழிக்க வேண்டும். நிறத்தட்டில் வெளிச்சத்துக்கு அடுத்து சிவப்பு வேறுபாடு, அதன் பிறகுதான் நீல வேறுபாடு. வழக்கமான வரிசை என்று நினைத்து மாற்றிப் படித்தால் மஞ்சள் எழுத்து சயானாக வரும். மூன்றாவது, இங்கே "நிறுத்து" என்ற கட்டளையே கிடையாது. எதையும் காட்டாத ஒரு வெற்று 16 துண்டு வரும்போதுதான் முந்தைய வசனம் மறையும்.

டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் அந்தக் "கட்டாயம் காட்டு" குறி இருக்கிறதே, அதற்கு ஜெர்மனியில் மவுசு அதிகம். இது டப்பிங் நாடு. ஹீரோ முழுப் படமும் ஜெர்மனில் பேசுவார். நடுவில் வில்லன் ரஷ்ய மொழியில் நாலு வரி பேசும்போது மட்டும் சப்டைட்டில் வர வேண்டும். அதற்கு ஸ்வாங்ஸ்உன்டர்டிட்டல் என்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், கட்டாய சப்டைட்டில். ரிப் செய்யும்போது இந்தக் குறியை விட்டுவிட்டால் அந்த நாலு வரி காணாமல் போகும்.

சட்டம் பற்றி ஒரு பத்தி. நான் வக்கீல் இல்லை. வீட்டில் எரித்த டிஸ்க்கில் பூட்டு இல்லை, அதனால் தோழியின் வேலையில் இந்தக் கேள்வி வரவில்லை. கடையில் வாங்கிய பெரும்பாலான சினிமா டிஸ்க்கில் பூட்டு உண்டு. 2003 செப்டம்பரில் ஜெர்மன் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 95ஏ பிரிவின்படி, சொந்த உபயோகத்துக்கான காப்பிக்குக்கூட அந்தப் பூட்டை உடைக்க அனுமதி இல்லை. சொந்த உபயோகம் என்றால் கிரிமினல் தண்டனை இல்லை, அவ்வளவுதான் சலுகை. பூட்டை உடைக்கும் ஒரு மென்பொருளின் தளத்துக்கு, செய்திக் கட்டுரையில் லிங்க் கொடுத்ததற்காகவே ஹைஸே நிறுவனம் பல வருஷம் கோர்ட்டுக்கு அலைந்து, 2010 அக்டோபரில் ஜெர்மன் உச்ச நீதிமன்றத்தில்தான் ஜெயித்தது. லண்டன் ஐங்கரன் வெளியிட்ட தமிழ்ப் பட டிவிடிகள் ஐரோப்பாவில் எத்தனையோ தமிழ் வீடுகளின் அலமாரியில் இருக்கின்றன, ஆங்கில சப்டைட்டிலோடு. அதை வாங்கியவருக்கே அந்த எழுத்தை எடுத்து வைக்க வழியில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

படத்திலிருந்து எழுத்துக்கு

ஸ்டிக்கர்கள் கைக்கு வந்த பிறகு ஓசிஆர். மோரிட்ஸ் புங்குஸ் என்ற ஜெர்மானியர் பல வருஷமாகப் பராமரிக்கும் எம்கேவிடூல்நிக்ஸில் சப்டைட்டில் டிராக்கைப் பிரித்தேன். எழுத்தாக்க டெஸராக்ட், மேற்பார்வைக்கு சப்டைட்டில் எடிட். டெஸராக்டை விண்டோஸில் போட்டவர்கள் அந்த இன்ஸ்டாலர் எங்கிருந்து வந்தது என்று கவனித்திருப்பீர்கள்: மான்ஹைம் பல்கலைக்கழக நூலகம். பழைய ஜெர்மன் நாளிதழ்களைப் படிக்க வைக்கும் வேலையில் இறங்கிய நூலகம், உலகத்துக்கே அதைக் கட்டிக் கொடுக்கிறது. ஐடி கம்பெனி செய்யாததை லைப்ரரி செய்யுது பாருங்க.

படத்தை அப்படியே கொடுத்தால் சொதப்பும். எழுத்து நிறத்தைக் கறுப்பாக்கி, விளிம்பு நிறம் உட்பட மற்ற எல்லாவற்றையும் வெள்ளையாக்க வேண்டும். 4 நிறம்தான் என்பதால் இது ஒரு வரி கோட். பிறகு மூன்று மடங்கு பெரிதாக்க வேண்டும். ஜெர்மன் மொழித் தரவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் வரும் பிழைகள் ஒரு ரகம். பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் இந்த ஃபான்டில் ஒரே குச்சி. "நான்" என்பதற்கான ஜெர்மன் சொல் அந்தக் குச்சியில்தான் ஆரம்பிக்கிறது. பேட்டி என்றால் எத்தனை "நான்" வரும்! நல்லவேளை, அகராதியில் இல்லாத சொல்லாக மாறுவதால் ஒரே ஃபைண்ட்-ரீப்ளேஸில் தீர்ந்தது. புள்ளிகள்தான் மோசம். நம்ம மெய்யெழுத்துப் புள்ளி மாதிரி, அவர்களுக்கு 'ஓ' எழுத்தின் மேல் இரண்டு புள்ளி. புள்ளி இருந்தால் "அழகான", இல்லாவிட்டால் "ஏற்கனவே". இரண்டுமே சரியான சொல் என்பதால் ஸ்பெல்செக் வாயே திறக்காது. பாதிப் படத்திலிருந்து மீட்ட வசனங்களில் அந்தப் புள்ளி போன பாதியில் மாட்டிக்கொண்டிருந்தால் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, ஒரே ஒரு எழுத்தின் உயரம். ஜெர்மனில் "ஸீ" என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் ஆரம்பித்தால் மரியாதையான "நீங்கள்". சின்ன எழுத்தில் ஆரம்பித்தால் "அவள்" அல்லது "அவர்கள்". வடிவம் ஒன்றுதான், உயரம் மட்டும் சில பிக்சல் வித்தியாசம். டெஸராக்ட் இதில் தடுமாறும்.

தோழியின் அம்மாவுடைய டிஸ்க்கில் ஒரு இடம். ஆபீசுக்குப் போனதைச் சொல்கிறார். ஓசிஆர் கொடுத்த ஜெர்மன் வாக்கியத்துக்கு அர்த்தம், "அவர்கள் போக வேண்டும் என்று அதிகாரி சொன்னார்". பக்கத்து அறையில் இருந்த வேறு ஒரு குடும்பத்தைப் பற்றி அதற்கு முந்தின வசனத்தில் பேச்சு வருகிறது, அதனால் வாக்கியம் பொருந்தித்தான் போகிறது. அச்சடித்த தாளைப் படித்த தோழி போன் செய்தார். "அண்ணா, உது ஆரைப் போகச் சொன்னது? எங்களையோ, அவையளையோ?"

படத்தைத் திறந்து பிக்சல் எண்ணினோம். அந்த எழுத்து 22 வரி உயரம். அதே ஸ்டிக்கரில் மற்ற சின்ன எழுத்துகள் 16. ஆக, பெரிய எழுத்துதான், "நீங்கள்". ஆடியோவைப் போட்டுக் கேட்டோம். எனக்கு அந்தப் பேச்சு வேகம் இன்னும் பழகவில்லை, நாலாவது தடவைதான் பிடிபட்டது. "எங்களைத்தான் போகட்டாம்" என்கிறார். அடுத்த வாக்கியத்தைப் பேட்டி எடுத்தவர் மொழிபெயர்க்கவே இல்லை, கீழே ஒன்றும் வரவில்லை. அதில் அம்மா சொல்வது, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு இரவு முழுக்க ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி. அதில் மூத்தது தோழியின் அண்ணன். அவருக்கே இது தெரியாது.

அதன் பிறகு வேலையின் வரிசையை மாற்றினோம். ஓசிஆர் முடிந்ததும் எல்லா "ஸீ"யையும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தனியே பட்டியலிடும்: வசன எண், படத்தில் அந்த எழுத்தின் உயரம், அதே வரியின் மற்ற எழுத்துகளின் உயரம். சந்தேகம் உள்ளதை மட்டும் தோழியும் அவருடைய சித்தியும் ஆடியோவோடு கேட்டு முடிவு செய்வார்கள். மொழிபெயர்க்காமல் விட்ட இடங்களுக்கும் ஒரு பட்டியல்: பேச்சு இருக்கிறது, ஆனால் 6 வினாடிக்கு மேல் ஸ்டிக்கர் இல்லை. முதல் டிஸ்க்கிலேயே 38 இடம் வந்தது. மச்சானைக் குறை சொல்ல முடியாது. இரவு வேலைக்குப் போய்விட்டு வந்து, இலவச மென்பொருளில் ஒவ்வொரு வரியாகத் தட்டியிருக்கிறார்.

இப்போதைய நிலவரம்: ஜெர்மன் எழுத்து 11 டிஸ்க்குக்கு முடிந்தது, எஸ்ஆர்டி ஃபைலாக. அப்பாவுக்கு விஎல்சியில் எழுத்து அளவைக் கூட்டிக் கொடுத்தாயிற்று. பழைய ஸ்டிக்கர்களையும் தூக்கிப் போடவில்லை. மூலம் அதுதான், அதே எம்கேவி ஃபைலுக்குள் இரண்டாவது டிராக்காக அப்படியே இருக்கிறது. மூன்றாவது டிராக் தமிழ், அம்மா பேசியது பேசியபடி. அதைச் சித்தி போனில் வாய்ஸ் டைப்பிங்கில் சொல்லச் சொல்ல, தோழியின் மகள் திருத்துகிறாள். "போகட்டாம்" என்பதை போன் ஒவ்வொரு தடவையும் "போகட்டும்" என்று மாற்றுகிறதாம்.